சந்தனம் வைத்த கியூ

மேப்பிள் மரத்தின் வெளிர் நிறத்தில் ஒரு சந்தனக் கீற்று, அதன் நடுவே குங்குமம். என் வீட்டுக்காரர் பில்லியர்ட்ஸ் மேசையில் பந்தைக் குத்தி ஆடும் கோலை, அந்தக் கியூவை நினைத்தால் முதலில் கண்ணில் வந்து நிற்பது அதுதான். எனக்குக் கல்யாணமான முதல் வருஷம், சரஸ்வதி பூசையன்று அந்தப் பொட்டை வைத்தவள் நான். வைக்கச் சொன்னவர் என் அத்தை, அதாவது என் மாமியார்.

அந்தக் கியூவுக்கு எங்கள் வீட்டில் கிடைத்த மரியாதையில் பாதி எனக்குக் கிடைத்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன். ஆடி முடித்ததும் அதை இரண்டாகக் கழற்றுவார். நுனியில் தேய்க்கும் சாக் தூளையும் கை வியர்வையையும் காய்ந்த துணியால் துடைப்பார். ஈரத்துணி பக்கத்திலேயே வரக்கூடாது. மரம் தண்ணீரைக் குடித்தால் வளைந்துவிடுமாம். சுவரில் சாய்த்து வைக்கக்கூடாது. நுனியில் இருக்கும் தோலை அரம் போட்டு, ஒரு நாணயத்தின் விளிம்பு மாதிரி வளைவாக வைத்திருப்பார். பினாங்கின் கடற்காற்றுக்குப் பயந்து, சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்துக் கியூ பைக்குள் போட்டு வைப்பார். நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது நெற்றியில் கை வைத்துப் பார்க்காத மனிதர் அவர்.

அந்தப் பூசைக்கு மறுநாள் மாநிலக் குழுவுக்கு ஆள் எடுக்கும் ஆட்டம். பூசையன்று அவர் வேலைக்குப் போகும்போது கியூவை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டின் சாமி அறையில் மிக்ஸி, தையல் மெஷின், என் லேப்டாப் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்திருந்தேன்.

"தம்பி கியூவையும் எடுத்து வையிம்மா. நாளைக்கு ஆட்டம் இருக்குல்ல," என்றார் அத்தை. தன் மகனை அவர் 'தம்பி' என்றுதான் சொல்வார்.

"ஐயோ அத்தை, அவருக்குத் தெரிஞ்சா கத்துவாருலா. ஈரம் படக்கூடாதாம்."

"சாமிக்கு வைக்கிறதுக்கு யாருகிட்ட பெர்மிஷன் கேக்கணும்? நான் சொல்றேன்ல, வையி."

வைத்தேன். மனதார வேண்டிக்கொண்டுதான் வைத்தேன். சாயங்காலம் வந்து பார்த்தவர் காய்ந்த துணியை எடுத்தார். துடைத்துத் துடைத்துப் பார்த்தார். சந்தனம் போனது, குங்குமம் மட்டும் மரத்தில் லேசாகத் தங்கிவிட்டது.

மறுநாள் தோற்றுவிட்டு வந்தார். பூசைக்குச் சுண்டல் கொண்டு வந்திருந்த பக்கத்து வீட்டு அக்காவும் அப்போது இருந்தார். அந்த அக்கா முன்னாலேயே என் வீட்டுக்காரர் கியூவைச் சாப்பாட்டு மேசையின் கண்ணாடி மேல் உருட்டினார். அது நேராக உருளாமல் துள்ளித் துள்ளிப் போனது. "பாத்தீங்களாக்கா? ஈரச் சந்தனத்தைப் பூசி மரத்தையே வளைச்சுட்டா. ராசியில்லாத கை! இது பட்டா எதுதான் உருப்படும்?" என்றார்.

நான் அத்தையைப் பார்த்தேன். 'நான்தான்பா வைக்கச் சொன்னேன்' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அத்தையோ மகன் தட்டில் குழம்பை ஊற்றி, "சாப்பிடுய்யா, ஆறிடப் போகுது" என்றார்.

சொல் என்ன, வாசலோடு நின்றுவிடுமா? சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போனது. பாகான் டாலாமில் நாத்தனாருக்கு வளைகாப்பு நடந்தபோது வளையல் தட்டை நான் தூக்கினேன். பெரியத்தை ஒருவர் சிரித்துக்கொண்டே அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீ அடுப்படியைப் பாரும்மா" என்றார். கடை கடையாக ஏறி இறங்கி நான் வாங்கி வந்த வளையல்கள் அவை. கூடத்தில் ஒவ்வொருத்தியும் அவற்றைப் போட்டுவிட, நான் எலுமிச்சைச் சாதத்துப் பானைக்கு மூடி தேடிக்கொண்டிருந்தேன். அப்புறம் யாரும் விலக்க வேண்டியே இருக்கவில்லை, நானே விலகிக்கொண்டேன். என் மகள் முதன்முதலில் பள்ளிக்கூடம் போன அன்று, அவள் நெற்றியில் விபூதி வைக்க அத்தையைக் கூப்பிட்டேன். பெற்றவள் நான், என் கைக்கு நானே பயந்தேன்.

அவர் மரத்தை விட்டுவிட்டுக் கார்பன் இழையில் செய்த கியூ வாங்கினார். வீட்டுக்கு யார் வந்தாலும் அதை எடுத்துக் காட்டுவார். "வெயிலுக்கும் வளையாது, ஈரத்துக்கும் வளையாது, என் பொண்டாட்டிக்கும் வளையாது" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் தேத்தண்ணித் தட்டோடு நின்று சிரித்திருக்கிறேன்.

இந்த வருஷப் பூசைக்குப் பூ வாங்க பாசாருக்குப் போனபோது, அவரோடு ஒரே குழுவில் ஆடிய பழைய நண்பர் ஒருவரைப் பார்த்தேன். பேச்சு அங்கே சுற்றி இங்கே சுற்றி அந்தக் கதைக்கு வந்தது. அந்த அண்ணனின் முகம் மாறிவிட்டது.

"இன்னுமா தங்கச்சி அதைச் சொல்லிக்கிட்டு இருக்கான்? அது பூசைக்கு முன்னாலேயே வளைஞ்சு போச்சுலா. பத்து காவான்ல, அவன் வேலை செய்யிற பேக்டரி பார்க்கிங்ல, வெயில்ல நின்ன காடியோட பின் பூட்லயே போட்டு வச்சிட்டான். நாங்க டேபிள்ல உருட்டிப் பாத்தோம். வேற கியூ எடுத்துக்கடான்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கைக்குப் பழகினது இதுதான்னு நின்னான். கோயில்ல உங்க அத்தையைப் பாத்து, நீங்களாவது சொல்லுங்கம்மான்னு சொன்னேனே!"

பூவை வாங்கினேனா, காசைக் கொடுத்தேனா, ஒன்றும் நினைவில்லை. வீட்டுக்கு வந்தபோது அத்தை சாப்பாட்டு மேசையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே கேட்டேன். "கியூ வளைஞ்சிருச்சுன்னு உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா அத்தை?"

"தெரியும்."

"பொட்டு வைக்கச் சொன்னப்பவே?"

அவர் தலை நிமிரவில்லை. "அதனாலதானே வைக்கச் சொன்னேன். தோத்துட்டு வந்தா அவனுக்கு யாரையாச்சும் கரிச்சுக் கொட்டணும்மா. அவங்கப்பா போனதுலேருந்து நான்தான் வாங்கிக்கிட்டு இருந்தேன். நான் எதிர்ல வந்துட்டேனாம், எங்க போறன்னு கேட்டுட்டேனாம், அதான் தோத்தானாம். எத்தனை வருஷம் தாங்குறது? நீ வந்த. சின்ன வயசு, தாங்குவன்னு நெனச்சேன்."

பிறகு வெங்காயத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "இதைப் பொடியா நறுக்கும்மா. பெரிசா கிடந்தா தம்பி சாப்பிட மாட்டான்."