சிவப்பு மசியும் ஒன்பதாம் வகுப்பும்

தகரக் கூரையில் கல் விழுந்தால் முதலில் ‘டங்’ என்று ஒரு சத்தம், பிறகு அது சரிவில் உருண்டு விளிம்பில் ஒரு நொடி தயங்கி மண்ணில் விழும்வரை ஒரு கரகரப்பு. ஜோகுபாளையத்தை ஒட்டியிருந்த எங்கள் அரசுப் பள்ளியில் படித்தவர்கள் இந்தச் சத்தத்தைக் கேட்டால் போதும், மணி பன்னிரண்டரை என்று சொல்லிவிடுவார்கள். ஒரே கட்டடத்தில் காலையில் தமிழ் மீடியம், மதியம் கன்னட மீடியம் என்று இரண்டு பள்ளிகள் நடந்தன. ஹெட்மாஸ்டர்கள் இரண்டு பேர், மணியும் அதை அடிக்கிற அட்டெண்டர் முனியப்பாவும் மட்டும் ஒன்றே ஒன்று. நாங்கள் வெளியே வருகிற கேட்டில்தான் அவர்கள் உள்ளே வர வேண்டும். அந்தக் கால் மணி நேரத்தில் மண்டை உடையாத நாள் வாரத்துக்கு இரண்டு இருந்தால் அதிகம். எதற்காகச் சண்டை என்று எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் தெரியாது. நேற்று அவர்கள் அடித்தார்கள், அதனால் இன்று நாங்கள் அடித்தோம், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தின் பீரங்கி செல்வி. அவளுக்குச் ‘சொட்டாங்கை’, இடது கையால் அவள் வீசுகிற கல் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் பிடிபடாது. என் வகுப்பு, என் பெஞ்சு, என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி. அவள் அம்மா கார்ப்பரேஷனில் தெருக் கூட்டுகிறவர், அப்பா கிடையாது. கல்லடியில் மட்டுமல்ல, கணக்கிலும் அவள்தான் முதல், நான் இரண்டாவது. எனக்கு இருந்த ஒரே பெருமை கையெழுத்து. தமிழும் கன்னடமும் அச்சடித்த மாதிரி எழுதுவேன். அந்தக் கையெழுத்து நாசமாய்ப் போக என்று பிற்பாடு எத்தனை முறை திட்டிக்கொண்டேன் தெரியுமா?

எங்கள் தமிழ்ப் பள்ளி வளர்ந்த கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டது, முதலில் ஒரு ஷெட்டில் நாலாம் வகுப்புவரை இருந்ததாம். பிறகு மனு மேல் மனு போட்டு ஏழாம் வகுப்புவரை வந்தது. மதியக் கன்னடப் பள்ளியில் பத்துவரை இருந்தது, எங்களுக்கு ஏழுக்கு மேல் கிடையாது. ஏழு முடித்த பெண்பிள்ளைகள் பாத்திரம் தேய்க்கப் போவார்கள், இல்லையென்றால் வயதைக் கூட்டிச் சொல்லி ‘கார்மெண்ட்ஸ்’ கம்பெனியில் நூல் வெட்டப் போவார்கள். தொண்ணூற்றொன்று ஜூனில்தான் எட்டாம் வகுப்புக்கு ஆர்டர் வந்தது. முதல் எட்டாம் வகுப்பு நாங்கள். முப்பத்தெட்டு பேர். எச்.எம். சார் புளிய விளாரை மேசையில் தட்டிக்கொண்டே சொன்னார்: “இந்த வருஷம் எட்டு, அடுத்த வருஷம் ஒம்போது, அதுக்கப்புறம் பத்து. நீங்க மேல ஏற ஏற இஸ்கூலும் ஏறும். ‘ஸ்ட்ரெங்த்’ குறைஞ்சிச்சோ, எல்லாம் புஸ்ஸு. ஒருத்தரு நின்னாலும் தோல உரிச்சிடுவேன்.” சொன்னபடி உரிக்கவும் செய்தார். இரண்டு நாள் வராதவனை வீட்டிலிருந்து இழுத்து வரச் சொல்லி, முட்டிக்குக் கீழே வரி வரியாகத் தடிக்கும்வரை அடிப்பார். பெற்றவர்களும், “நல்லா போடுங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

செல்விக்கு அந்த எட்டு, ஒன்பது, பத்து என்கிற மூன்று சொற்களும் மந்திரம் மாதிரி ஆகிவிட்டன. எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய பெண்பிள்ளை அதுவரை ஒருத்தியும் இல்லை. “மொத ஆளு நான்டி. நீ ரெண்டாவது. அப்புறம் டீச்சர் டிரெயினிங்கு. இதே இஸ்கூலுக்கு வந்து, இதே விளார எடுத்து, எல்லாருக்கும் குடுக்கறேன் பாரு” என்பாள். டீச்சர் என்றால் அடிக்கிறவர் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு என்ன தெரியும்?

டிசம்பரில், காவிரித் தண்ணீருக்காகத் தமிழர்களைத் தேடித் தேடி அடித்த ‘காவிரி கலாட்டா’ வந்தது. காலையில் பஸ் நின்றது, பத்து மணிக்குள் பழைய மெட்ராஸ் ரோட்டில் டயர் எரிகிற வாடை எங்கள் சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. என் அப்பாவைத் தெலுங்குக்காரர்கள் மாதிரி நைனா என்றுதான் கூப்பிடுவோம், மர டிப்போவில் லோடு ஏற்றுகிறவர். கன்னடம் அவருக்குத் தண்ணீர் பட்டபாடு. வழியில் நிறுத்திய கும்பலிடம் பேசியே தப்பித்திருப்பார். ஆனால் முன்கையில் அம்மாவின் பெயரைத் தமிழில் பச்சை குத்தியிருந்தார். ஒருவன் சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்த்திருக்கிறான். அதே எழுத்தின் மேலேயே இரும்புக் கம்பியால் அடித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தபோது அந்தக் கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. நைனா அழவில்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டு கத்தியது இன்னும் காதில் இருக்கிறது: “எழுத்துதான்யா காட்டிக் குடுத்துச்சி! என் பேரே உனுக்கு எமனா வந்துச்சே!”

அன்று மதியமே பள்ளிக்கூடத்துக்கும் வந்தார்கள். லீவு விட்டிருந்ததால் முனியப்பா மட்டும் இருந்தார். தெலுங்குக்காரர், பேச்செல்லாம் கன்னடம். கேட்டைப் பூட்டிவிட்டு முன்னால் நின்றுகொண்டு, “இது கவர்மெண்ட் ஸ்கூலப்பா, எல்லார மக்களூ ஓத்தாரே” என்று, எல்லார் பிள்ளைகளும் இங்கே படிக்கிறார்கள் என்று, கைகூப்பியிருக்கிறார். செங்கல்லால் மண்டையில் போட்டார்கள். தமிழ்ப் பெயர்ப் பலகையை உடைத்து, எங்கள் எட்டாம் வகுப்பு பெஞ்சுகளை முற்றத்தில் குவித்துக் கொளுத்தினார்கள். முனியப்பா பிழைத்தார், ஆனால் ஒரு காது அதற்கப்புறம் கேட்கவில்லை. மதிய ஷிப்டுப் பிள்ளைகளின் பெஞ்சும் அதுதானே என்று கொளுத்தியவர்களில் ஒருவனுக்காவது தோன்றவில்லை.

கலாட்டா அடங்கிய பிறகு ஒரு வதந்தி தெருத் தெருவாகப் புகுந்தது. கும்பல் பெஞ்சுக்காக வரவில்லையாம். அட்மிஷன் ரிஜிஸ்டருக்காக வந்ததாம். அதில் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் ‘மாத்ரு பாஷே’ என்று, அதாவது தாய்மொழி என்று ஒரு கட்டம் இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே வீட்டு விலாசம். எது தமிழ் வீடு என்று பார்த்துப் பார்த்துக் கொளுத்த வேறென்ன வேண்டும்? பள்ளி திறந்த அன்று காலை தாய்மார்கள் எல்லாரும் எச்.எம். அறை வாசலில் நின்றார்கள். முதல் ஆள் என் அம்மா. “எங்களுது தெலுங்குன்னு மாத்து சார். வூட்ல நைனான்னுதான் கூப்புடுதுங்கோ, யாரு வந்து கேக்கப் போறான்?” என்றார். பின்னால் நின்றவர்கள், “எங்களுதும் சார், எங்களுதும் சார்” என்று கதவைத் தள்ளினார்கள்.

எச்.எம். சார் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். கடைசியில் ரிஜிஸ்டரை எடுத்து என் முன்னால் போட்டு, சிவப்பு மசிப் பேனாவைக் கையில் கொடுத்து, “மாலா, நீ அழகா எழுதுவ. சொல்றத எழுது” என்றார். தன் கையெழுத்து அதில் இருக்கக் கூடாது என்கிற சாமர்த்தியம் பதின்மூன்று வயதில் எனக்கு எப்படிப் புரியும்? எனக்குப் பெருமை தலைக்கேறியது. இரண்டு நாள் உட்கார்ந்து, கன்னடத்தில் ‘தமிழ்’ என்று இருந்ததையெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அடித்து, மேலே ‘தெலுங்கு’ என்றோ ‘கன்னடம்’ என்றோ மணி மணியாக எழுதினேன். என் பெயருக்கு நேராகவும் நானே எழுதினேன்.

மாற்ற வராத வீடுகள் ஒவ்வொரு வகுப்பிலும் சில இருந்தன. எங்கள் வகுப்பில் ஆறு. அப்படி வராதவர்களில் செல்வியின் அம்மாவும் ஒருவர். துடைப்பத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனவரை என் அம்மா கூப்பிட்டுக் கெஞ்சினார். “சொம்மா இருக்கா. அடிக்கிறவன் லிஸ்ட்ட பாத்தா அடிக்கிறான்? மூஞ்சப் பாத்தே அடிக்கிறான். எம் பொண்ணு தமிழுதான், போ” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மாவுக்கு வந்த ஆத்திரத்தை என் முதுகில்தான் தீர்த்தார். செல்வியோடு பேசக் கூடாது என்று இரண்டு அடி சேர்த்து வைத்தார்.

ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆர்டர் கேட்ட பிறகு, கல்வி ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். எங்களையெல்லாம் வரிசையாக நிற்க வைத்துவிட்டு ரிஜிஸ்டரைத் திறந்தவர் முகத்தைச் சுளித்தார். தமிழ் மீடியத்தில் ஒன்பதாம் வகுப்பு திறக்கத் தமிழ்ப் பிள்ளைகள் வேண்டும். முப்பத்தெட்டு பேரில் ஆறு பேர்தான் தமிழ் என்கிறது ரிஜிஸ்டர். எங்களில் ஒருவருக்கும், எங்களைப் பெற்றவர்களில் ஒருவருக்கும் இந்தக் கணக்கு அதுவரை மண்டையில் உறைக்கவே இல்லை! உயிருக்குப் பயந்து அடித்த கோடு வகுப்பின் கழுத்தில் விழும் என்று யார் கண்டார்கள்?

“யார் கையெழுத்து இது? குழந்தை எழுதின மாதிரி இருக்கு” என்று அதிகாரி கன்னடத்தில் கேட்டார். எச்.எம். சார் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. நேராக வந்து என் கன்னத்தில் விட்டார் ஒரு அறை. காதுக்குள் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம், வாயில் உப்புக் கரித்தது. “இந்தப் பொண்ணுதான் சார். ஆபீஸ் ரூமுல யாரும் இல்லாதப்போ பூந்து கிறுக்கி வச்சிருக்குது” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். நீங்கள்தானே சார் எழுதச் சொன்னீர்கள் என்று ஒரு வார்த்தை போதும். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆறு மாதமாக நான் பேசாமல் ஒதுக்கிவைத்திருந்த செல்விதான் வரிசையை விட்டு முன்னால் வந்தாள். “பொய் சார். அவுருதான் பேனா குடுத்து எழுத சொன்னாரு. கலாட்டால பயந்துக்கினு எழுதுனது. நாங்க எல்லாரும் தமிழுதான் சார், வேணும்னா வூட்டுக்கு வந்து கேளுங்க” என்றாள். எச்.எம். சார் மேசையில் இருந்த மர ஸ்கேலை எடுத்து, “கைய நீட்டு” என்றார். அவள் இடது கையை நீட்டினாள். ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து, விளிம்பால், விரல் முட்டிகளின் மேல் அடித்தார். எத்தனை என்று எண்ணவில்லை. ‘சடக்’ என்று ஒரு சத்தம் கேட்டது மட்டும் நினைவிருக்கிறது, அது ஸ்கேல் உடைந்த சத்தம் இல்லை. அதிகாரி, “போதும் விடுங்க” என்று சொல்லிவிட்டு ரிஜிஸ்டரை மூடினார். ஒருமுறை திருத்தியதே குற்றம், மறுபடி திருத்தினால் வேலை போய்விடும் என்று எச்.எம். சாரிடம் தணிந்த குரலில் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

ஒன்பதாம் வகுப்பு வரவில்லை. தெலுங்கு, கன்னடம் என்று எழுதப்பட்ட எங்களை மதிய ஷிப்டுக் கன்னட ஒன்பதில் சேர்த்துக்கொண்டார்கள். தெலுங்கு, கன்னடப் பிள்ளைகளுக்குத் தவறுதலாகத் தமிழில் பாடம் நடத்திவிட்டதாகக் காகிதத்தில் எழுதிச் சரிசெய்தார்கள். மிச்சமிருந்த ஆறு பேருக்கு அப்படி எழுத முடியாதாம். அவர்கள் கண்டோன்மெண்டுக்கு அந்தப் பக்கம் இருந்த தமிழ் உயர்நிலைப் பள்ளிக்குத்தான் போக வேண்டுமாம், இரண்டு பஸ் மாறி. டிசம்பரைப் பார்த்த பிறகு எந்தத் தாய் பெண்ணைத் தனியாக பஸ் ஏற்றுவாள்? பொய் சொன்னவர்கள் எல்லாரும் படித்தோம். உண்மையைச் சொன்ன வீட்டுப் பிள்ளை, கட்டுப் பிரித்ததும் கோணல் விரலோடு கார்மெண்ட்ஸில் காஜா எடுக்கப் போனாள்.

மதிய ஷிப்டில் என் முதல் நாள், கேட்டுக்கு வெளியே அந்தப் பக்கத்துக் கூட்டத்தில் நின்றேன். உள்ளேயிருந்து எங்கள் பழைய ஏழாம் வகுப்புப் பொடிசுகள் வீசிய கல் என் இடது புருவத்தைக் கிழித்தது. இன்றும் அங்கே முடி முளைப்பதில்லை. முனியப்பா தன் துண்டால் ரத்தத்தைத் துடைத்துவிட்டு, கேட்கிற காதை என் பக்கம் திருப்பி, யார் அடித்தது என்று கேட்டார். நம்ம பசங்கதான் என்று சொன்னேன்.

போன மாதம் பாஸ்போர்ட்டுக்காகப் பிறந்த தேதிச் சான்று வாங்க அங்கே போனேன். தகரக் கூரை இல்லை, மூன்று மாடிக் கட்டடம். பலகையில் கன்னடமும் இங்கிலீஷும். தமிழ்ப் பிரிவு பிள்ளைகள் குறைந்து குறைந்து ஒருநாள் மூடியே போயிற்றாம். எங்கள் எட்டாம் வகுப்பு அறையில் மதிய உணவு அரிசி மூட்டைகள் அடுக்கியிருக்கிறார்கள். பன்னிரண்டரைக்கு மணி அடித்தது, ஒரு கல்கூட விழவில்லை. இளவயது எச்.எம். அம்மா பழைய ரிஜிஸ்டரைத் தேடி எடுத்து, “தேதியப் பார்த்துக் குறிச்சிக்கோங்க மேடம், சான்று நாளைக்கு வாங்கிக்கலாம்” என்று என்னிடம் கொடுத்தார். பக்கம் பக்கமாக என் கையெழுத்து. சிவப்பு மங்கிப் பழுப்பாகியிருந்தது. செல்வியின் வரியில் மட்டும் கோடு இல்லை, தாய்மொழி தமிழ். கடைசிக் கட்டத்தில், பள்ளியை விட்டு நின்றதற்கான காரணம் என்ற இடத்தில், எச்.எம். சார் தன் கையாலேயே கன்னடத்தில் எழுதியிருந்தார்: சொந்த விருப்பம்.

வெளியே வந்து அடுகோடி ஏரியாவில் இருக்கிற செல்விக்கு போன் போட்டு அதைப் படித்துக் காட்டினேன். பின்னால் தையல் மெஷின்கள் ஓடுகிற சத்தம். செல்வி சிரித்தாள். “என் இஷ்டமாமா? அடப்பாவி! ஏய், உங்கிட்ட பேனா கீதா? அத்தன பேருது அடிச்சியே, அந்த ஒண்ணையும் அடிச்சிட்டு வாடி” என்றாள்.

மறுபடி உள்ளே போனேன். பேனா கையில்தான் இருந்தது. எச்.எம். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பிறந்த தேதியைக் குறித்துக்கொண்டு, ரிஜிஸ்டரை மூடிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.