சுக்கான் பிடித்த கல்

அருவாளை எடுத்தது தங்கசாமி அண்ணாச்சிதான். இசக்கிதுரையின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, புதுசாய் உழுத மண்ணில் முட்டிபோட வைத்திருந்தார். இசக்கிதுரையின் வாயிலிருந்து ரத்தம் ஒழுகி மண்ணில் விழுந்தது. கரிசல் மண்ணில் ரத்தம் சிவப்பாகத் தெரியாது. ஈரமாக மட்டும் தெரியும்.

அங்கே நடுவில் போய் நின்றவன் என் தம்பி செண்பகராஜ். அவனைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கழுகுமலை ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. செண்பகராஜ் வாடகைக்கு டிராக்டர் ஓட்டுகிறவன். எங்கள் அய்யா குடித்துவிட்டு வந்தால் மாட்டுச் சாட்டையை மாட்டின் மேல் போடமாட்டார், இவன் மேல்தான் போடுவார். பன்னிரண்டு வயதில் முன்பல் இரண்டு போயிற்று. அடி வாங்கி வளர்ந்தவன் அடிக்கவும் பழகினான். இருபத்து மூன்று வயதில் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு வாய்த்தகராறு. கையில் இருந்த ஸ்பேனரால் ஒருவன் மண்டையைப் பிளந்துவிட்டான். அடிபட்டவன் பிழைத்தது முருகன் புண்ணியம். இவன் இரண்டு வருசம் உள்ளே கிடந்தான்.

அங்கே எழுத்து சொல்லிக்கொடுக்கும் அறையில் ஒரு பழைய படம் தொங்கியதாம். நடுவில் சூரியன், சுற்றி ஒன்பது கோள்கள். படிக்க வேறு ஒன்றும் இல்லாததால் இரண்டு வருசமும் அதையே படித்தான். வெளியே வந்த பிறகு செல்போனில் தேடித் தேடிக் கேட்டான். உழவு ஓட்டும்போது காதில் அதுதான் ஓடும். ஒன்பதில் கடைசிக் கோளை எடுத்துவிட்டார்கள், இனி எட்டுத்தான் என்று கேள்விப்பட்ட அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"யாரைக் கேட்டு எடுத்தாவக்கா? அம்புட்டுத் தூரத்துல அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டு கெடந்துச்சு" என்றான்.

களை வெட்டும் பெண்களிடமும் இதே பேச்சுத்தான். சுதாராணி அவனைச் சும்மா விடமாட்டாள்.

"ஏ செண்பகம், சனி ஒன் வாயிலயே வந்து குடியேறிட்டானா?"

"சனி பாவம் மைனி. வளையத்தை மாட்டிக்கிட்டு சுத்துது. தண்ணியில போட்டா மிதக்குமாம், அவ்வளவு லேசு. ஒம்ம வீட்டுக்காரரு வேலைக்குப் போகாததுக்கு அதைப் போயி சொல்லுதீய!"

நான் சனிக்கிழமை தவறாமல் எள்விளக்குப் போடுகிறவள். அவன் பேச்சைக் கேட்டு நான் விளக்கை நிறுத்தவில்லை. அவனும் நிறுத்தச் சொன்னதில்லை. ஆனால் ஒருநாள் நிலாவைக் காட்டி அவன் சொன்னது மனசில் நின்றுவிட்டது.

"அது முகத்துல குழி குழியாத் தெரியுதுல்ல, அதெல்லாம் அடிதான்க்கா. கல்லாலயே அடி வாங்கியிருக்கு. வியாழன்ல ஒருதரம் வால்வெள்ளி வந்து மோதி, பூமி அளவுக்கு வடு விழுந்துச்சாம்."

"யாருலே அடிச்சது?"

"யாரும் அடிக்கல. வழியில நின்னுச்சு, பட்டுச்சு. நம்மளை மாதிரிதான்."

அவன் வெளியே வந்த அன்று கழுகுமலையில் கட்டைவிரல் உயர முருகன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அடியில் காந்தம் வைத்தது. டிராக்டரில் ஒட்டிவைத்து, அதைத் தொட்டு, "இனி யார் மேலயும் கை ஓங்கமாட்டேன்க்கா" என்று சத்தியம் செய்தான். பதினேழு வருசம் காப்பாற்றினான்.

போன ஆவணியில் தங்கசாமி அண்ணாச்சியின் புஞ்சையில் ரோட்டவேட்டர் போட்டு உழுதுகொண்டிருந்தான். நான் ஓரத்தில் வேலிக்கருவை வெட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று வெடி வைத்த மாதிரி ஒரு சத்தம். ரோட்டவேட்டரின் பிளேடு மூன்று முறிந்துவிட்டது. ஒன்று பறந்து வந்து, நான் நின்ற இடத்துக்கு நாலடி தள்ளி இருந்த பனைமரத்தில் குத்தி நின்றது. முருகா என்று உட்கார்ந்துவிட்டேன். மண்ணைத் தள்ளிப் பார்த்தால் ஒரு கறுப்புக் கல். சின்னப் பூசணிக்காய் அளவுதான். தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

எங்கள் கரிசலில் ஆளுயரம் தோண்டினாலும் வெள்ளைச் சுக்கான் துணுக்குகள் வருமே தவிர, கல் வராது. வந்தால் அது யாரோ கொண்டுவந்து போட்டது. பகை உள்ள இடத்தில் உழவுக்கு முன்னால் கல்லையும் கம்பியையும் புதைத்துவைப்பது உண்டு. பக்கத்துப் புஞ்சை இசக்கிதுரையோடு அண்ணாச்சிக்கு ஓடைத் தண்ணீர்ப் பகை. இரண்டு வருசத்துக்கு முன்பு அந்தச் சண்டையில் அண்ணாச்சியின் தம்பிக்குக் கால் முறிந்து, இன்றைக்கும் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறார்.

சத்தம் கேட்டு மச்சினன்மாரோடு ஓடி வந்த அண்ணாச்சி கல்லைப் பார்த்தார். வரப்புக்கு அந்தப் பக்கம் குனிந்து வேலை செய்த இசக்கிதுரையைப் பார்த்தார். வேறு ஒன்றும் யோசிக்கவில்லை. மச்சினன்மார் இரண்டு பேரும் போய் இசக்கிதுரையை இழுத்து வந்தார்கள். வயிற்றில் மிதித்தார்கள். மண்வெட்டியின் கணைக் கம்பால் முதுகில் அடித்த சத்தம் எனக்குக் கேட்டது.

"நான் போடல அண்ணாச்சி! எம் பிள்ளை மேல சத்தியமா நான் போடல!"

"அப்போ வானத்துல இருந்து விழுந்துச்சாலே?"

"ஆமா அண்ணாச்சி" என்றான் செண்பகராஜ்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிளேடு கழற்ற எடுத்த பெரிய ஸ்பேனர் அவன் கையில் இருந்தது.

"வானத்துல இருந்துதான் விழுந்திருக்கு. ஈரக் களிமண்ணுல விரலை வச்சு அமுக்கின மாதிரி மேல எல்லாம் குழி இருக்கு பாருங்க. எரிஞ்சுக்கிட்டே வந்திருக்கு. இது விண்கல்லு."

"இந்தா வந்துட்டாருலே வாத்தியாரு" என்று மச்சினன் ஒருவன் சிரித்தான்.

செண்பகராஜ் டிராக்டரில் இருந்த முருகனைப் பிடுங்கி வந்து கல்லின் மேல் வைத்தான். டக்கென்று ஒட்டிக்கொண்டது. நான் கும்பிட்டேன்.

"பாத்தீயளா? இரும்பு. மேல இருந்து வாரதுல சிலது முழுக்க இரும்புதான்."

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. அண்ணாச்சியின் முகம் இன்னும் கறுத்தது. இசக்கிதுரையின் தம்பி கோவில்பட்டியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறான்.

"இரும்பா? தம்பி பட்டறையில கெடந்த கழிவைக் கொண்டாந்து எம் மண்ணுல புதைச்சிருக்கியாலே!"

அருவாள் மேலே போனது. செண்பகராஜின் ஸ்பேனரும் தோள்வரை எழும்பியதை என் கண்ணால் பார்த்தேன். அண்ணாச்சியின் மண்டை அவனுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. முருகா, வேண்டாம் என்று கத்தினேன். அவன் அதைப் பின்னால் வீசி எறிந்துவிட்டு வெறும் இடக்கையை நீட்டினான். இசக்கிதுரையின் கழுத்துக்கு வந்த வெட்டு அந்தக் கையில் விழுந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் தனியாகப் போய் மண்ணில் கிடந்தன.

அண்ணாச்சி மறுபடியும் அருவாளை ஓங்கினார். செண்பகராஜ் அந்த ரத்தக் கையோடு குனிந்து, காலால் உந்திக் கல்லைப் புரட்டினான். அடிப்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"இதுக்குப் பதில் சொல்லிட்டு வெட்டுங்க அண்ணாச்சி. அடியில சுக்கான் பிடிச்சிருக்கு."

சுக்கான் எங்கள் மண்ணுக்குள் ஊறி இறுகுகிற சுண்ணாம்பு. மழைக்கு ஊதி வெயிலுக்குப் பிளக்கிற கரிசல், கீழே கிடப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிவிடும். இந்தக் கல்லும் அப்படித்தான் மேலே வந்திருக்கிறது. அதன் அடியில் ஒரு விரற்கடை கனத்துக்குச் சுக்கான் ஏறியிருந்தது. அண்ணாச்சி குனிந்து அருவாள் முனையால் சுரண்டிப் பார்த்தார். பெயரவில்லை. அவர் அறுபது வருசம் இந்த மண்ணில் கிடந்தவர். அது பிடிக்க எத்தனை தலைமுறை ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"இசக்கிதுரைக்கு என்ன வயசு அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டு என் தம்பி சாய்ந்து விழுந்தான்.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் இருந்தோம். விரல்களை ஒட்டவைக்க முடியவில்லை. இசக்கிதுரை வீங்கிய வாயோடு வந்து, கட்டிலோரம் நின்று அழுதான்.

"ஏலே, எதுக்கு அழுதே?" என்றான் இவன். "முன்னால விரல் விட்டு எண்ணினா ரெண்டு விரலு மிச்சமா நின்னுச்சு. இப்போ எட்டுக் கோளுக்கு எட்டு விரலு."

நான் அவன் வாயைப் பொத்தினேன்.

மூன்றாம் நாள் போலீஸ்காரர் ஒருவர் எழுத வந்தார். எப்படி வெட்டுப்பட்டது என்று கேட்டார்.

"ரோட்டவேட்டர் பிளேடு சார்" என்றான் செண்பகராஜ். அவனுக்குப் போலீஸ் என்றால் இன்னும் நடுக்கம் உண்டு. அண்ணாச்சியைக் காட்டிக்கொடுத்தால் மச்சினன்மார் இசக்கிதுரையை விடமாட்டார்கள் என்ற பயம் அதைவிடப் பெரிது. அவர் எழுதிக்கொண்டார்.

தங்கசாமி அண்ணாச்சி வாசலில் நிற்பதை அப்போதுதான் பார்த்தோம். எப்போது வந்தாரோ தெரியாது. கட்டிலின் கால்மாட்டில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே செண்பகம். அந்தக் கல்லு விழுந்த அன்னைக்கு அங்கன யாரு இருந்திருப்பா?"

"ஒருத்தரும் இல்ல அண்ணாச்சி. நம்ம ஊரு இல்ல. வரப்பே இல்ல."

அண்ணாச்சி தன் வலக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போலீஸ்காரரிடம் திரும்பினார்.

"பிளேடு இல்ல சார். நான்தான் வெட்டுனேன். இன்னொருத்தன் கழுத்துக்கு வீசினது. அவன் பேரையும் எழுதிக்கிடுங்க, இசக்கிதுரை. இனி அவன் மேல ஒரு கீறல் விழுந்தா என்னையக் கேளுங்க."

போலீஸ்காரர் எழுதியதைக் குறுக்கே அடித்துவிட்டு, வேறொரு தாளை எடுத்தார்.