மகளின் கடிகாரத்தைக் கட்டிக்கொண்ட பெயிண்டர்

எட்டாவது மாடிக்கு வெளியே, கயிற்றில் தொங்குகிற பலகையில் நின்று சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிற ஆள் அவர். பலகை லேசாக ஆடினாலே உடன் நிற்பவர்களுக்கு உயிர் போய் உயிர் வரும். இவர் கொட்டாவி விடுவார். உயரமும் அதற்குத் தோதாக வளர்ந்திருந்ததால் வேலையிடத்தில் வைத்த பெயர் ‘ஏணி’. அப்பேர்ப்பட்ட ஏணிக்கு ஒரே ஒரு சாமானைப் பார்த்தால் மட்டும் தொடை நடுங்கும். அது அவர் வீட்டு ஹாலில் கிடந்த ஒரு சாண் உயர மரப்படி.

அதைச் செய்ததும் அவரேதான். பன்னிரண்டு வயது மகளுக்கு மாற்று இதயம் வைத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வாரம் மூன்று நாள், பன்னிரண்டு வாரம் வீட்டிலேயே உடற்பயிற்சி என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதில் ஒருநாள், பயிற்சி கொடுக்கும் மேடம் போன் திரையில் வந்து பார்ப்பார். மற்ற இரண்டு நாள் வீட்டார் பொறுப்பு. கையில் கட்டிய கடிகாரம் நாடித்துடிப்பைக் குறித்து மேடத்துக்கு அனுப்பிவிடும். கடைசியில் ஆஸ்பத்திரி டிரெட்மில்லில் ஒரு பரிட்சை. தேறினால் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பீரியடில் சேரலாம். அதுவரை அந்தப் பீரியடில் மகளுக்கு ஒரே உத்தியோகம்தான், முப்பது பேரின் தண்ணீர் பாட்டிலுக்குக் காவல்.

ஏணி பலகை அறுத்து, கால் வழுக்காமலிருக்கப் பெயிண்டில் மணலைக் கலந்து, இரண்டு கோட் அடித்துப் படியைத் தயார் பண்ணினார். அதுவரை எல்லாம் ஜோர்தான். மூன்றாவது வாரம் மகள் அதில் ஏறி இறங்கி, முகம் சிவந்து மூச்சு வாங்கியபோது அவர் எழுந்து குறுக்கே போய் நின்றார்.

“போதும், இறங்கும்மா.”

“இன்னும் எட்டு நிமிஷம் இருக்குப்பா.”

“கடிகாரத்தைக் கழட்டு. அந்த எட்டை நான் பார்த்துக்கிறேன்.”

“அப்போ பரிட்சைக்கும் நீதான் போவியா?”

“வாயைப் பாரு. கொடு இங்கே.”

அன்றைக்கு எட்டு நிமிஷம். அடுத்த தடவை முழுசாகவே அவர்தான். வீட்டுக்காரி பேக்கரிக்கு வேலைக்குப் போயிருந்த நேரம், கேட்க ஆளில்லை. ஆறடி மனுஷன் அந்தப் பொடிக் கடிகாரத்தைக் கடைசி ஓட்டையில் மாட்டிக்கொண்டு தொம் தொம்மென்று ஏறி இறங்கினார். மகள் சோபாவில் படுத்தபடி எண்ணினாள். “முதுகை நிமிர்த்துப்பா, ஒட்டகம் மாதிரி இருக்கு.”

திரை நாள் வந்தது. மேடம் மகளை விட்டுவிட்டு அவரைக் கூப்பிட்டார்.

“சார், போன தடவை வந்த கணக்கு யாரோட இதயம்?”

ஏணி தன் மணிக்கட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். “பாப்பாவோடதுதான் மேடம்.”

“பாப்பாவுக்குச் சும்மா உட்கார்ந்திருந்தாலே நூறு இருக்கும். இது அறுபத்தெட்டுல ஆரம்பிக்குது. படியில கால் வச்ச அரை நிமிஷத்துல எகிறுது, நின்னதும் சர்ருனு இறங்குது. மாற்று இதயம் இப்படிப் பண்ணாது சார். ஒண்ணு மட்டும் சொல்றேன், யாரோடதா இருந்தாலும் ரொம்ப நல்லா இருக்கு.”

மகள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள்.

“பயமா இருந்துச்சு மேடம்.” அவர் குரல் தரையில் கிடந்தது. “அவ மூச்சு வாங்கினா என்னால பார்க்க முடியல. அந்தச் சத்தத்தைப் பழைய இதயத்தோட ரொம்ப நாள் கேட்டுட்டேன்.”

மகள் குலுங்குவதை நிறுத்திவிட்டாள்.

மேடம் திட்டவில்லை. “ஆபரேஷன்ல நரம்பெல்லாம் வெட்டுப்பட்டிருக்கும் சார். கால் வேலை செய்யுதுன்னு இதயத்துக்கு நேரா போன் போகாது, ரத்தத்துல ஆள் அனுப்பித்தான் சொல்லணும். அதனால முதல் ஆறேழு நிமிஷம் மெதுவா. முடிக்கிறப்பவும் மெதுவா.”

“முதல் கோட் காய விடற மாதிரி.”

“அதேதான். நடுவுல பேச்சுக் கொடுங்க. பதில் பேச முடிஞ்சா பயமில்ல. பேச முடியலைன்னா, நெஞ்சு வலிச்சா, தலை சுத்தினா உடனே நிறுத்திட்டு எனக்கு போன் அடிங்க.”

மறுபடி மகள் படியேறிய அன்று ஏணி எதிரே உட்கார்ந்து, கடிகாரத்தைப் பிடுங்கிவிடக் கூடாதென்று தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் போட்டுக்கொண்டார்.

“ஏதாவது பேசும்மா.”

“என்ன பேச? நீ குறட்டை விட்டா பக்கத்து வீட்டு நாய் குரைக்குது.”

“நல்லது. இன்னும் பேசு.”

அவர் மானத்தை வாங்குவதற்கு மகளுக்கு விஷயப் பஞ்சமே இல்லை. மறுபடி ஏறிய முதல் வாரம் இரண்டு திட்டுக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினாள். பத்தாவது வாரம் கால் நிற்காமல் இருபது நிமிஷம் திட்டினாள். ஊரில் எந்த அப்பனும் வசவைக் கேட்டு இவ்வளவு பூரித்திருக்க மாட்டான்.

பரிட்சையில் மகள் ஒன்பது நிமிஷம் தாங்கினாள். பயிற்சி தொடங்கும் முன் தாங்கியது ஐந்து. டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

முதல் விளையாட்டுப் பீரியடன்று ஏணி வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்து மதில்மேல் தலையை வைத்துக்கொண்டு நின்றார். மகள் முன்னாடியே தனியாக மெதுவாக நடந்து உடம்பைச் சூடேற்றியிருந்தாள். விசில் ஊதினார்கள். மைதானத்தை ஒரு சுற்று. மற்ற முப்பது பேரும் முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க, அவள் இன்னும் பாதியில் வந்துகொண்டிருந்தாள். ஓடித்தான்.

வாட்ச்மேன் வந்து அவர் தோளைத் தட்டினார். “யாருங்க நீங்க?”

“அதோ, கடைசியா வர்றா பாருங்க, அவ அப்பா.”

வாட்ச்மேனுக்குப் பாவமாகப் போய்விட்டது. “விடுங்க சார். அடுத்த தடவை ஜெயிப்பா.” அதற்குள் அவள் கோட்டைத் தாண்டியிருந்தாள்.

“என்னங்க நீங்க, கடைசியா வந்துட்டா!” ஏணி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “ஓடியே வந்துட்டா!”