ஆளரவமற்ற மலை

சேலத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் பெண்கள் சேர்ந்து மொட்டை மாடியில் யோகா வகுப்பு ஆரம்பித்திருக்கிறார்கள். முதுகுவலிக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதால் என் மனைவியும் ஒரு பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகிறாள். நல்ல விஷயம்தான். ஆனால் பின்னணியில் என்ன இசை ஓட வேண்டும் என்று நேற்றுவரை மூன்று நாளாக வாட்ஸப் குழுவில் அடிதடி. ஒருவருக்குப் புல்லாங்குழல் வேண்டும், ஒருவருக்கு ஓங்காரம், இன்னொருவருக்குக் கடல் அலை. கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போன கூட்டம்கூட இதைவிடச் சீக்கிரம் வீடு திரும்பும்.

"ஏனுங்க, நீங்க அந்தத் தொழில்ல இருந்தவருதான. நல்லதா ஒண்ணு பாத்துக் குடுங்க" என்று மனைவி போனை நீட்டினாள். முடியாது என்று கத்திவிட்டேன். அவள் பயந்துபோய்ப் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் என்ன செய்வாள், பாவம். நான் எதற்குக் கத்தினேன் என்று அவளிடம் இதுவரை சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

முதல் குற்றவாளி அந்தப் பாய். அதில் எலுமிச்சைப்புல் தைலம் தெளித்திருந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு உடனே ஏற்காட்டில், தலைச்சோலைப் பக்கம், காப்பித் தோட்டத்துக்கு நடுவில் இருந்த ஒரு விடுதியின் யோகா கூடம் வந்துவிடும். மூன்று பக்கம் கண்ணாடி, கீழே மரத்தளம். தினமும் விடிவதற்குள் தளத்தை அந்தத் தைலம் போட்டுத் துடைப்பார்கள். அங்கே எனக்கு வேலை, பாட்டுப் போடுவது. சிரிக்காதீர்கள், சம்பளம் கொடுத்து அதற்கு ஆள் வைத்திருந்தார்கள்.

அதற்கு முன் நான் மைக்செட் காரன். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கும் கட்டுவேன், மாதா கோயில் திருவிழாவுக்கும் கட்டுவேன். சில்வர் ஓக் மரத்தின் உச்சியில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு ஒரு திருகு திருகினால் மஞ்சக்குட்டை வரைக்கும் கேட்கும். மலையையே எழுப்பிவிட்டவனை, பத்துப் பேர் கண்ணை மூடிக்கொண்டு மூச்சுவிடும் அறையில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். ஏசி இல்லாமலேயே நடுங்கும் ஊரில் வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட். கம்பவுண்டர் மாதிரி இருப்பேன்.

யோகா சொல்லிக்கொடுத்தவரை மாஸ்டர் என்போம். வெளியூர்க்காரர். அவருக்கு இசை பிடிப்பது பெரும்பாடு. புல்லாங்குழல் போட்டேன், உயிர் இல்லை என்றார். வீணை போட்டேன், ஒரு அம்மாள் பாதியில் எழுந்து உட்கார்ந்து அழுதுவிட்டார். மழைச் சத்தம் போட்ட அன்று பாதிக் கூட்டம் வரிசையாகக் கழிப்பறைக்குப் போயிற்று. கடைசியில் மாஸ்டர், வெளியிலிருந்து எதுவும் வேண்டாம், இந்த மலையின் சத்தத்தையே பிடித்துக்கொண்டு வா என்றார். எனக்கும் அது பிடித்திருந்தது. எங்கள் ஊர்ச் சத்தத்துக்கு இப்படி ஒரு மரியாதையா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். முட்டாள்.

கூடத்தின் கண்ணாடிச் சுவரை ஒட்டியே ஒரு ஒற்றையடிப் பாதை. எஸ்டேட்டுக்குக் காப்பிப் பழம் எடுக்கப் போகும் பெண்கள் அதில்தான் வருவார்கள். அங்கே ஒரு மரத்தடியில் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு மூன்று காலை உட்கார்ந்தேன். சில்வர் ஓக் இலையிலிருந்து காப்பிச் செடிமேல் பனி சொட்டும் சத்தம். கொண்டைக்குருவி. மனுஷன் சீட்டி அடிப்பதுபோலவே பாடும் இன்னொரு குருவி. இதற்கெல்லாம் நடுவில் எங்கள் பெண்களின் பேச்சு. ரேஷனில் வந்த புழு, மாமியாரின் மூட்டுவலி, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் புதிதாக மீசை வைத்தது என்று வழி முழுக்கப் பேச்சும் சிரிப்பும். எல்லாருக்கும் மேலே எங்கள் அக்காவின் குரல் இருக்கும். ரோசக்கா என்றால் மலையில் தெரியாதவர்கள் கிடையாது. என் மைக்செட்டுக்குப் போட்டி அவள் ஒருத்திதான். அம்மா போன பிறகு என்னை வளர்த்ததும் அவள்தான்.

அவர்கள் அப்படிச் சத்தமாகப் பேசிக்கொண்டு வருவதற்கு ஒரு காரணம் உண்டு. பனி இறங்கிவிட்டால் அந்தப் பாதையில் நாலடிக்கு முன்னால் நிற்பது தெரியாது. வளைவில் காட்டெருமை நிற்கும். ஆள் வருகிற சத்தம் தூரத்திலேயே கேட்டால் அது பாட்டுக்கு விலகிப் போய்விடும். திடீரென்று எதிரில் போய் நின்றால்தான் ஆபத்து. அதனால் பனியில் யாரும் வாயை மூடிக்கொண்டு நடப்பதில்லை. சொல்லப்போனால், எனக்கு நடக்கப் பழக்கியபோதே அக்கா பேசிக்கொண்டு நடக்கவும் பழக்கினாள்.

இதெல்லாம் தெரிந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? ரிசப்ஷனில் இருந்த கம்ப்யூட்டரில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, பதிவிலிருந்து அவர்களுடைய பேச்சை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன். ரேஷன் புழுவை வெட்டினேன், ரைட்டர் மீசையை வெட்டினேன், அக்காவின் சிரிப்பை வெட்டினேன். குருவியையும் பனியையும் மட்டும் ஒட்டி நாற்பது நிமிஷம் தேற்றினேன். மாஸ்டர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த வாரம் புதுத் தொல்லை. ஆட்களை வெட்டிய மலை உள்ளே ஓடும்போது, நிஜமான ஆட்கள் கண்ணாடிக்கு வெளியே பேசிக்கொண்டு போனார்கள். ஒரு விருந்தினர் என்னிடம் வந்து, உங்கள் ரெக்கார்டிங்கில் யாரோ பேசுகிறார்கள், சரி செய்யுங்கள் என்றார். கதவைத் திறந்து அதோ போகிறார்கள் பாரய்யா, அவர்கள் ஊர்ப் பாதை இது என்று சொல்லியிருக்க வேண்டும். சாரி சார் என்றேன். மேனேஜர் கூப்பிட்டார். "உங்க ஆளுங்கதான? நீயே சொல்லிரு. இல்லீன்னா வேற ஆளு வெச்சுக்கறோம்."

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். மச்சான் விறகு பிளந்துகொண்டிருந்தார். அக்கா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். யோகா கூடத்தைத் தாண்டும்வரை மட்டும், நூறு அடிதான், பேசாமல் போக வேண்டும் என்றேன். அக்கா அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப எருமைக்கு யாரு சொல்றது, கண்ணு?"

வேலை போய்விடும் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் அவளே மற்றப் பெண்களிடம் பேசிச் சம்மதிக்க வைத்தாள். கூடத்தின் முதல் கண்ணாடி வந்ததும் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். செருப்புச் சத்தம்கூடக் கேட்காது. பதினோரு நாள் அப்படிப் போனார்கள். அக்கா தினமும் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டுப் போவாள். எனக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லை. வெறும் வெள்ளை. உள்ளே எல்லாரும் சவாசனத்தில் படுத்திருந்தார்கள். நான் பதிவு செய்த குருவி சீட்டி அடித்துக்கொண்டிருந்தது. வெளியே ஏதோ கனமாக இடித்த சத்தம். அதன் பின்னால் ஒரு சோற்றுத் தூக்குப்போசி கல்லில் மோதி மோதி உருண்டு போகிற சத்தம். பிறகு பெண்களின் கூக்குரல். படுத்திருந்தவர்களில் ஒருவர் தலையைத் தூக்கினார். மாஸ்டர் என்னைப் பார்த்துக் கையை உயர்த்திச் சைகை செய்தார், சத்தத்தைக் கூட்டு என்று.

கூட்டினேன்.

ஆமாம், கூட்டினேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர்மேல் கோபப்பட்டிருக்கிறேன். அந்த மாஸ்டர், அந்த மேனேஜர், காசு கொடுத்து அமைதி வாங்க வந்த அந்த மனுஷர்கள். எல்லார்மேலும் கோபப்பட்டு முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், திருகியது என் கைதான்.

கூடத்தை ஒட்டிய வளைவில் எருமை கன்றோடு நின்றிருக்கிறது. முன்னால் போனவள் அக்கா. அது தலையை ஒரு ஆட்டு ஆட்டியதில் கீழே கல் சரிவில் போய் விழுந்தாள். இடுப்பும் இடது கையும் முறிந்துபோயின. சேலத்துக்கு ஜீப்பில் கொண்டுபோனார்கள். வகுப்பு முடிந்து, பாய்களைச் சுருட்டி வைத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது, உள்ளே இருந்தபடி நான் கேட்டது யாருடைய தூக்குப்போசி என்று.

விசாரிக்க வந்த வனத்துறைக்காரர்களிடம் மேனேஜர், காட்டு விலங்கு விஷயத்தில் நாம் என்ன செய்ய முடியும் என்றார். பெண்கள் எதற்காகப் பேசாமல் வந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற நானும் சொல்லவில்லை. அடுத்த மாதம் அந்தப் பாதைக்கு முள்வேலி போட்டார்கள், பாதுகாப்பு என்ற பெயரில். அதற்குப் பிறகும் ஆறு மாதம் நான் அங்கேதான் வேலை பார்த்தேன். வெட்கம் கெட்டவன் என்று நீங்கள் நினைத்தால் தப்பில்லை.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். மச்சானிடம் பேசினாள், நர்சிடம் பேசினாள். எனக்குத் தாங்கவில்லை. என்னை நாலு திட்டாவது திட்டு, பேசு என்று கெஞ்சினேன். அவள் கோபமே இல்லாமல் சொன்னாள்.

"பேச வேண்டாம்னு நீதான சொன்ன சாமி. அதே பழக்கமாயிருச்சு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பதினாலு வருஷம். கிறிஸ்துமஸுக்குப் போவோம். சாய்ந்து சாய்ந்து நடந்து வந்து எல்லாருக்கும் காப்பி கொடுப்பாள். என் மனைவியிடம், இந்த ஊட்டுக்கு நீங்க வாரதே நொம்ப சந்தோசம் என்பாள். என் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு கண்ணு, சாமி என்று கொஞ்சுவாள். என் டம்ளரைச் சத்தம் வராமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். போன் பண்ணினால் மச்சானிடம் கொடுத்துவிடுவாள். ஒரு தடவை இதற்காக அவள்மேலும் எரிந்து விழுந்தேன். அவள் நான் முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனாள்.

நேற்றுக் காலை மனைவியின் குழுவில் யாரோ ஒரு இணைப்பை அனுப்பியிருந்தார்கள். "ஆளரவமற்ற மலையில் ஓர் அதிகாலை." கீழே மாஸ்டரின் பெயர். ஆயிரக்கணக்கான பேர் கேட்டிருக்கிறார்கள். முதல் சொட்டிலேயே தெரிந்துவிட்டது, நான் ஒட்டியதுதான். என் பெயரைப் போடவில்லை என்று ஒரு நிமிஷம் கொதித்தேன். அப்புறம் எனக்கே சிரிப்பு வந்தது. எந்த வேலைக்கு என் பெயரைப் போடச் சொல்வது?

மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டேன். மேலே அதைப் போட்டுவிட்டு எல்லாரும் படுத்திருந்தார்கள். நாலாவது நிமிஷத்தில், பனி சொட்டுவதற்கும் குருவி பாடுவதற்கும் நடுவில், நான் வெட்டத் தவறிய ஒரு துண்டு இருந்தது. ரெக்கார்டரோடு மரத்தடியில் ஒளிந்திருந்த என்னை அன்றைக்கு அக்கா பார்த்துவிட்டாள். ஏன் சாமி, பல்லு வெளக்குனியா, இந்தக் குளுருல ஏன் உக்காந்திருக்க என்று கேட்டாள். அதில் முதல் இரண்டு சொல் மட்டும் தப்பியிருக்கிறது.

"ஏன் சாமி."

மாடியில் ஒரு அம்மாள், இதில் ஏதோ டிஸ்டர்பன்ஸ் இருக்கிறது, வேறு போடுங்கள் என்றார். எல்லாரும் புல்லாங்குழலுக்குச் சம்மதித்துவிட்டார்கள். சண்டை தீர்ந்தது. மனைவி கீழே வந்து, நீங்கள் ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டாள்.

இப்போது அந்தப் பாதை இல்லை. முள்வேலிக்கு அந்தப் பக்கம் புதராகிவிட்டது. எஸ்டேட்டுக்கு ஆட்களை வண்டியில் ஏற்றிப் போகிறார்கள். நான் வெட்டிய பேச்சையெல்லாம் அன்றைக்கே கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று அழித்துவிட்டேன். மிச்சம் இந்த இரண்டு சொல்தான். நேற்றிலிருந்து போட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அக்கா என்னைக் கூப்பிடுகிறாள். என்னக்கா என்று சொல்ல வாயெடுப்பதற்குள் குருவி பாட ஆரம்பித்துவிடுகிறது. இடையில் ஒரு நொடிகூட இல்லாமல் அப்படி ஒட்டி வைத்தவன் நான்தான்.