பந்தியில் ஒரு மாத்திரை

“…அதான் நன்னா இருக்கியே ஜெயா! இன்னும் என்னத்துக்கு அந்த மாத்திரை? நிறுத்தித் தொலையேன்!”

போன ஞாயிறு, தி.நகரில் ஒரு கல்யாணப் பந்தி. மோர் சாதத்துக்கு வந்துவிட்டோம். என் சிநேகிதி ஜெயா கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்ததுதான் தாமதம் — பக்கத்து இலையிலிருந்து இப்படிக் குரல் கொடுத்தவர் அவளுடைய மன்னி. கணவரின் அண்ணன் மனைவி.

எனக்குப் பகீரென்றது. காரணம் இருக்கிறது.

ஜெயாவுக்கு ஓசிடி — எண்ணச் சுழற்சி நோய். கையில் அழுக்கு ஒட்டியிருக்கிறதோ என்று ஓர் எண்ணம் வரும். கழுவுவாள். கழுவின கையால் குழாயை மூடினோமே… மறுபடி கழுவுவாள். தோல் வெடித்து ரத்தம் கசிகிறவரை. மயிலாப்பூரில் அவள் இருக்கிற அபார்ட்மென்ட்டின் மொட்டைமாடித் தொட்டியே காலியாகி, செகரட்டரி வாசலில் நின்று கத்தியிருக்கிறார்.

வீட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? பாராட்டினார்கள்! “நம்ம ஜெயாவோட மடி ஆசாரம் யாருக்கு வரும்!” — சொன்னது இதே மன்னிதான். வியாதிக்கு சபாஷ் கிடைத்தால் அது எப்படிங்க வீட்டை விட்டுப் போகும்?

பேங்க் வேலையே போய்விடும் என்ற நிலைமை வந்த பிறகுதான், அடையாறில் ஒரு மனநல மருத்துவரிடம் போனாள். மாத்திரை கொடுத்தார். “உடனே கேட்காதும்மா, சில வாரம் ஆகும்” என்றார். முதலில் குமட்டல்தான் மிச்சம். டோஸை மெல்ல மெல்லக் கூட்டினார். கூடவே, தொட்டுவிட்டுக் கழுவாமல் இருக்கிற பயிற்சி. ஒரு நாள் போனில் கூவினாள். “அந்த நெனப்பு வந்துதுடி! ஆனா முன்ன மாதிரி கத்தலை… முணுமுணுத்துட்டுப் போயிடுத்து!”

நன்றாகிவிட்டாள் இல்லையா? உடனே மன்னி ஆரம்பித்தார் — மாத்திரை மூளையை மந்தமாக்கிவிடும் என்று. இவளும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினாள். அத்தனையும் திரும்பி வந்தது. அடிவாரத்திலிருந்து மறுபடி ஏறினாள், பாவம்.

இப்போது, அதே மன்னி. அதே புத்திமதி. எதிர் வரிசைகூட நிமிர்ந்து பார்க்கிறது. அட்டையைப் பைக்குள் போட்டுவிடுவாளோ…?

“மன்னி, நன்னா இருக்கேன்னு சொன்னேளே, இதைப் போட்டுக்கறதாலதான் நன்னா இருக்கேன். எப்போ நிறுத்தணும்னு டாக்டர் சொல்வார், அப்போ நிறுத்தறேன்.” கொஞ்சம் நிறுத்தி, சிரித்தாள். “நீங்க அன்னிக்குப் பாராட்டினது என் மடியை இல்லை மன்னி… என் வியாதியை.”

குரல் உயரவில்லை. கண் கலங்கவில்லை. எழுந்து நின்று கைதட்டலாமா என்று இருந்தது எனக்கு — கையில் மோர் சாதம், பந்தி தப்பித்தது! ஊர் கூடிய இடத்தில் தன் மருந்துக்காக வாதாடுகிறவள் என் சிநேகிதி என்பதில் எனக்கு வந்த கர்வம் இருக்கிறதே… அவள் பேங்க்கில் ப்ரமோஷன் வாங்கினபோதுகூட வந்ததில்லை.

மன்னி தன் தண்ணீர் பாட்டிலை இடது கையால் எடுத்து, ஜெயா பக்கம் நகர்த்தி வைத்தார்.