கடை இல்லாத வழி

ஏ.டி. சார் ஜீப்பில் ஏறியதும் கதவைச் சாத்த மாட்டார். வலது காலை உள்ளே வைத்து இருக்கையில் நன்றாகச் சாய்ந்துகொள்வார். இடது கால் மட்டும் தரையிலேயே இருக்கும். எந்த வழியாகப் போகிறோம் என்று முடிவாகும்வரை அந்தக் கால் உள்ளே வராது. கடலூரில் எங்கள் வேளாண்மைத் துறையின் உதவி இயக்குநர் அவர். நான் ஒன்பது ஆண்டுகள் அவருக்கு ஓட்டுநராக இருந்தேன். விதைப் பண்ணை, கிடங்கு, உழவர் கூட்டம் என்று வாரத்தில் நான்கு நாளாவது வெளியில் திரிவோம். எங்கே போக வேண்டும் என்பதை மேலிடம் சொல்லும். எப்படிப் போக வேண்டும் என்பதைச் சாரின் நாக்குதான் சொல்லும். கம்மாபுரத்துக்குக் குறிஞ்சிப்பாடி, வடலூர் வழியாகப் போவதுதான் சுருக்கம். சித்திரை மாதமென்றால் அவர் பண்ருட்டியைச் சுற்றிக்கொண்டு போகச் சொல்வார். ரோட்டோரம் பலாப்பழத்தை அறுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களில் யார் கை ராசியான கை என்று அவருக்குத் தெரியும். முதுநகரில் ஓர் அம்மா பகல் பன்னிரண்டரைக்கு அடுப்பிலிருந்து நண்டு வறுவலை இறக்குவார். நாங்கள் பன்னிரண்டு இருபத்தைந்துக்கு அங்கே இருப்போம். மழை வந்தாலும் இதில் மாற்றமில்லை.

வழி முடிவானதும் காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார். “முடிஞ்சிச்சி. இனிமே மாத்தக் கூடாது” என்பார். அது எங்கள் இருவருக்கும் இடையே ஓர் ஒப்பந்தம். வழியில் கலெக்டரே கை காட்டினாலும் பாதை மாறாது என்று கேலி பேசுவோம்.

இத்தனைக்கும் அவருக்குச் சர்க்கரை வியாதி. சாதாரணச் சர்க்கரை இல்லை, ஊசி போட்டுக்கொள்கிற சர்க்கரை. பேனா மாதிரி ஓர் ஊசியை எப்போதும் கைப்பையில் வைத்திருப்பார். அதிலும் அவருக்கென்று ஒரு கணக்கு. இட்லி என்றால் இத்தனை யூனிட், பரங்கிப்பேட்டையில் தம்ரூட் இனிப்பு தின்னப் போகிறோமென்றால் கூட நான்கு யூனிட். கடைக்கு அரை மணி தூரம் இருக்கும்போதே ஓடுகிற வண்டியில் சட்டையைத் தூக்கி வயிற்றில் குத்திக்கொள்வார். “மருந்து முன்னாடி போயி எடம் புடிச்சி வெச்சிருக்கும்பா. நாம பின்னாடி போயி உக்காந்துக்க வேண்டியதுதான்” என்று சிரிப்பார். எனக்கும் சிரிப்பு வரும். வீட்டிலிருந்து அவருக்குக் கொடுத்தனுப்புகிற கோதுமை உப்புமாவை நாள் தவறாமல் தின்றவன் நான்தான்.

அவருடைய மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் காலையில் சார் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா கேட்டைத் தாண்டி வண்டிக்கே வந்துவிட்டார். சாரின் காலில் செருப்பு கடித்த புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

“நான் சொன்னா அவரு எங்க கேக்கறாரு? நீதாம்பா வண்டி ஓட்டுற. கடை இல்லாத வழியா பாத்துக் கூட்டிக்கிட்டுப் போயேன்” என்றார். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளை மிரட்டிய குரல் அது. அன்றைக்கு அதில் மிரட்டல் ஒன்றுமில்லை. என் கையைப் பிடிக்க வந்து, பிடிக்காமல், கண்ணாடியைத் துடைக்கிற துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து நான் வழி தேட ஆரம்பித்தேன். பாலம் வேலை என்பேன், திருவிழாக் கூட்டம் என்பேன், மறியல் என்பேன். பெருமாள் ஏரிக் கரையோரம், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே செம்மண் பாதை, உப்பனாற்றை ஒட்டிப் போகிற ஒற்றைத் தார்ச்சாலை என்று, டீக்கடை பெஞ்சுகூட இல்லாத ரோடுகளாகப் பொறுக்கி எடுத்தேன். பார்க்க எல்லாமே அழகான ரோடுகள். கடை வராத இடத்தில்தான் மரமும் தண்ணீரும் மிஞ்சியிருக்கின்றன என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. “பாருங்க சார், எவ்வளவு நாரை!” என்று காட்டுவேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பக்கூட மாட்டார். “நாரைய வறுத்தா தர்றான்?” என்பார். ஆனால் புறப்படும் முன்பே, கால் தரையில் இருக்கும்போதே சொல்லிவிடுவதால், வேண்டாவெறுப்பாகவாவது ஒத்துக்கொள்வார். ஊசியையும் எடுக்க மாட்டார். போய்ச் சேர்ந்த இடத்தில் ஏதாவது கிடைத்த பிறகுதான் போட்டுக்கொள்வார்.

என் ஆர்வம் அதோடு நிற்கவில்லை. ஒரு நாள் வண்டியைக் கழுவும்போது டேஷ்போர்டுப் பெட்டிக்குள் பத்துப் பதினைந்து ஆரஞ்சு மிட்டாய் கிடந்ததைப் பார்த்தேன். அடப்பாவி மனுஷா, இங்கேயும் ஒளித்து வைத்திருக்கிறாரே என்று நினைத்தேன். அத்தனையையும் வாரிக்கொண்டு போய் என் மகளிடம் கொடுத்தேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான்.

அடுத்த வாரம் சிதம்பரத்தில் பதினோரு மணிக்கு ஒரு கூட்டம். சார் அன்று வீட்டிலிருந்து நொண்டிக்கொண்டே வந்தார். கால் கட்டுத் துணியில் ஈரம் தெரிந்தது. “இன்னிக்கி ஒரு சாக்கும் சொல்லாத. நேர் ரோடு. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், சிதம்பரம். கீழவீதில இட்லியும் கத்திரிக்கா கொத்சும். ஒரு மாசமாச்சிப்பா” என்றார். சரி சார் என்றேன். காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். கேட்டருகில் அம்மா நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். ஆலப்பாக்கம் தாண்டியதும் சார் சட்டையைத் தூக்கி ஊசியைப் போட்டுக்கொண்டார். “ரெண்டு யூனிட் ஜாஸ்தியாவே போட்டிருக்கேன். கூட ஒரு செட்டு சாப்புடுவேன், அம்மாகிட்ட சொல்லிடாத” என்றார்.

அம்மாவின் முகம் என் கண்ணைவிட்டுப் போகவே இல்லை. புதுச்சத்திரத்தில் வண்டியை இடது பக்கம் கடற்கரைச் சாலைக்குத் திருப்பினேன். முட்லூரில் ரோடு வேலை, வண்டி நின்றுவிடும் என்று ஒரு பொய் சொன்னேன். ஊசி போட்டதை நான் பார்க்காமல் இல்லை. மருந்தும் உள்ளே போய்விட்டது, தின்பதற்கும் ஒன்றும் கிடைக்காது, இன்றைக்குச் சர்க்கரை இரட்டிப்பாகக் குறையும், புண்ணுக்கு நல்லது என்று கணக்குப் போட்டேன். இதை எழுதும்போதுகூட எனக்குக் கை கூசுகிறது. அவ்வளவு மடையனாக இருந்திருக்கிறேன்.

சாமியார்பேட்டையைத் தாண்டியதும் சவுக்குத் தோப்பு. இடது பக்கம் மரங்களுக்கு நடுவே கடல் தெரிந்து தெரிந்து மறையும். சார் என்னைத் திட்ட ஆரம்பித்தார். அத்தனை ஆண்டில் அவர் வாயில் வராத வார்த்தைகளெல்லாம் வந்தன. இட்லி போன கோபம் என்று நினைத்துப் பேசாமல் ஓட்டினேன். பிறகு பேச்சு குழறியது. என்னைத் தன் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தால் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கை நடுங்கிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்துவதற்குள் தலை கதவில் சாய்ந்துவிட்டது.

ஓடிப்போய் ஆள் கூப்பிடலாமென்றால் அவரைத் தனியே விட வேண்டும். வண்டியை எடுக்கலாமென்றால் பக்கத்தில் என்ன ஊர் இருக்கிறது என்றே அந்த நேரத்தில் மூளையில் ஏறவில்லை. முன்னாலும் பின்னாலும் சவுக்கு. ஒரு கடை இல்லை. கடை இல்லை என்பதற்காகத்தானே இந்த ரோட்டைத் தேடிப் பிடித்தேன். அம்மாவுக்குப் போன் செய்தேன். வகுப்பறைச் சத்தத்துக்கு நடுவே கேட்டுவிட்டு, “சக்கர எறங்கியிருக்கும். வண்டிப் பொட்டில ஆரஞ்சு மிட்டாய் வெச்சிருப்பாரு. டாக்டரு வெச்சிக்கச் சொன்னது. அத வாயில போடு, சீக்கிரம்!” என்று கத்தினார். நான் பெட்டியைத் திறந்தேன். காலியாக இருக்கும் என்று தெரிந்தும் திறந்தேன். “இல்லம்மா” என்றேன். மறுமுனையில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சவுக்குச் சருகு அரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் என் அலறலைக் கேட்டு வந்தார். சாரைப் பார்த்ததும், “எங்க மாமனாருக்கும் இப்படித்தான் வரும். தண்ணி கிண்ணி ஊத்திடாத, பொறையேறிடும்” என்று சொல்லிவிட்டுத் தோப்புக்குப் பின்னாலிருந்த தன் வீட்டுக்கு ஓடினார். அவர் திரும்பி வருகிறவரை நான் சாரின் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சார், சார், எழுந்திருங்க, இட்லி சாப்பிடப் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்ததாக ஞாபகம். அந்தப் பெண் பிடி நிறையச் சர்க்கரையோடு வந்து, கன்னத்துக்கு உட்புறம் விரலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துவிட்டார். கண்ணிமை அசைந்தது. பிறகு நாக்கு மெல்ல வெளியே வந்து உதட்டை நக்கியது. அதைப் பார்த்துத்தான் நான் அழுதேன். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பரங்கிப்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் அவரைப் படுக்கவைத்திருந்தார்கள். அம்மா பதறியடித்துக்கொண்டு வந்தார். சார் தேறியதைப் பார்த்த பிறகுதான் கேட்டார், “அந்த ரோட்டுக்கு ஏன் போனீங்க?” நான் வாயைத் திறந்தேன். சார் முந்திக்கொண்டார். “நாந்தான் போகச் சொன்னேன். எப்பப் பாத்தாலும் சோறு சோறுன்னு போயி இன்னா கண்டோம், ஒரு நாளாச்சும் மரத்தயும் கடலயும் பாக்கலாம்னு ஆசையா இருந்திச்சி” என்றார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுத்துப் பேச எனக்கு அப்போது தைரியம் வரவில்லை. மிட்டாய் போன இடத்தை மட்டும் அவரிடம் தனியாகச் சொல்லியிருந்தேன். பிறகு ஒரு வாரம் கழித்து வண்டியில் ஏறியவர், புது மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்தார். “உம் பொண்ணுக்கு வேணும்னா சொல்லு, தனியா வாங்கித் தரேன்” என்றார். அதைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான்.

விரல் போனது. அதற்குப் பிறகும் நான்கு ஆண்டுகள் இருந்தார். ஓய்வு பெற்று, ஒரு மத்தியானம் தூக்கத்திலேயே போய்விட்டார். காரியத்தன்று வந்தவர்களிடமெல்லாம் அம்மா என்னைக் காட்டி, அன்னிக்கி இவருதான் காப்பாத்துனாரு என்று சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு பந்தல் காலைப் பிடித்தபடி நின்றேன்.

நானும் ஓய்வு பெற்று இப்போது சொந்தமாக ஒரு கார் வைத்து ஓட்டுகிறேன். அம்மா மாதம் ஒரு முறை சிதம்பரத்தில் மகள் வீட்டுக்குப் போவார். வேறு யாரையும் கூப்பிட மாட்டார். போன ஆண்டு ஒரு நாள் புதுச்சத்திரம் வந்ததும், “அவரு மரமும் கடலும் பாக்கப் போனாரே, அந்த ரோடு இந்தப் பக்கந்தானே? நான் பாத்ததே இல்ல. போயேன்” என்றார். மழைக்குச் சாலை பெயர்ந்திருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். பரவாயில்லை, மெதுவாகப் போகலாம் என்றார். திருப்பினேன். சவுக்குத் தோப்பு வந்ததும் ஜன்னலை இறக்கிவிட்டு, முகத்தில் காற்று அடிக்க, கடல் மறைந்து மறைந்து வருவதைச் சிறுபிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டே வந்தார். “முப்பத்தஞ்சி வருஷம் கூடவே இருந்தேன். தட்டத் தவிர வேற எதயும் பாக்காத மனுஷன்னுதான் நெனச்சிருந்தேன். மனசுக்குள்ள இவ்வளவு இருந்திருக்கு பாரேன்” என்றார்.

சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால் என் பாரம் இறங்கும். ஆனால் இப்போதுதான் அவருக்குக் கிடைத்திருக்கிற அந்த மனிதரை நான் திரும்பப் பிடுங்கிக்கொள்ள வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இனிமே எப்பவும் இந்த வழியாவே போயிடலாம்” என்றார் அம்மா.

“சரிம்மா” என்றேன்.