கரியர் பூட்ட ஏலாத சைக்கிள்

கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் ஏறிப் போனது என் கணவரின் சைக்கிள் கரியரில்தான். உப்புவெளியிலிருந்து பட்டணத்துச் சந்தைக்கு, கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, எல்லாவற்றுக்கும் அதுவே வாகனம். பிறகு அவருக்கு இடுப்புக்குப் பின்னால், நாரியில், முள்ளந்தண்டுத் தட்டு விலகியது. சைக்கிளை விட்டுவிட்டு, துறைமுகத்து வேலைக்குப் பஸ்ஸில் போய்வரத் தொடங்கினார். குலுங்கிப் போய்க் குலுங்கி வந்து, உடுப்பும் மாற்றாமல் படுத்துவிடுவார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு அழுகையும் வரும், கோபமும் வரும். கோபம்தான் முதலில் வரும், என் குணம் அப்படி.

"பெடல் மிதிக்கிறது நல்லது, குலுக்கல்தான் கூடாது" என்றார் டாக்டர். குலுங்காத சைக்கிளை எந்த உலகத்தில் செய்கிறார்கள் என்று வழி நெடுகப் புறுபுறுத்துக்கொண்டு வந்தேன்.

செய்கிறார்களாம். பட்டணத்துக் கடையொன்றில் அவரே கண்டுவிட்டு வந்தார். மலைப்பாதையில் ஓடுகிற சைக்கிள், முன்சில்லுக்கும் சொக், பின்சில்லுக்கும் சொக், குலுக்கலை அதுவே வாங்கிக்கொள்ளுமாம். விலையைச் சொன்னபோது நான் அரித்துக்கொண்டிருந்த அரிசியை அப்படியே வைத்துவிட்டேன்.

"உங்களுக்கென்ன விசரோ? விரலுக்குத் தக்கன வீக்கம் வேணும். அந்தக் காசுக்கு ஒரு ஸ்கூட்டி எடுக்கலாம்."

"நான் வாங்கப்போறன் எண்டு சொன்னனானோ? கண்டனான் எண்டுதானே சொன்னனான்."

அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையையே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன். எடுக்காதபடியால் எனக்கு நித்திரை வரவில்லை. சனிக்கிழமை நானே அவரைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

கடைக்குப் பின்னால் கிறவல் மண் ஒழுங்கை ஒன்று, முழுக்கப் பள்ளம். "ஓடிப் பாருங்கோ அண்ணன்" என்றான் கடைக்காரத் தம்பி. அவர் மெல்ல ஏறினார். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றேன். பள்ளத்தில் சில்லு இறங்கியது, ஏறியது. அவர் நாரியைப் பிடிக்கவில்லை. ஒழுங்கையின் முடிவுவரை போய்த் திரும்பி வந்தபோது சிரித்துக்கொண்டு வந்தார், பல்லெல்லாம் தெரிய. அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன், கடவுளே.

அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். பேரம் பேசாமல் சாமான் வாங்கிப் பழக்கமில்லை, ஆகவே தொடங்கினேன். "இஞ்ச தம்பி, யானை விலை சொல்லுறீர். கரியரும் ஸ்டாண்டும் சும்மா பூட்டித் தரவேணும், சொல்லிப்போட்டன்."

தம்பி சிரிப்பை அடக்கப் பாடுபட்டான். "அக்கா, இதுக்குக் கரியர் பூட்ட ஏலாது. பின்பக்கம் ஆடுற சைக்கிள். ஆள் ஏத்துறதுக்கில்லை."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். அவருக்கு முதலே தெரியும்.

"வேண்டாம், வாரும் போவம்" என்றார். "உம்மை ஏத்த ஏலாத சைக்கிள் எனக்கு எதுக்கு?"

விலைக்குப் பயந்துதான் பேசாமல் இருக்கிறார் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்! கடை என்றும் பார்க்காமல் கத்தினேன். "நான் என்ன, மாமூட்டையோ? என்னை ஏத்தி ஏத்தித்தான் உங்கட நாரி போனது. இதை நீங்கள் எடுக்காட்டி நான் எடுத்து ஓடுவன், பாருங்கோ!" எடுத்தோம்.

வேலைக்கு அதிலேயே போய்வந்தார். வந்ததும் படுக்கிறது மெல்ல மெல்லக் குறைந்தது. அது போதும் எனக்கு என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ஆனால் ஒழுங்கையில் யாராவது பெண்சாதியை ஏற்றிக்கொண்டு போனால் கண் அந்தப் பக்கம் போகும். பொய் சொல்லக்கூடாது.

ஒரு வெள்ளிக்கிழமை இருவரும் கோயிலுக்கு வெளிக்கிட்டோம். "நீங்கள் ஓடிப் போங்கோ, நான் பஸ்ஸில வாறன்" என்றேன். அவர் ஏறவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு என் பக்கத்தில் நடந்தார்.

"இவ்வளவு விலை குடுத்து எடுத்தது உருட்டவோ?"

"ரெண்டு மாதத்துக்கு முந்தி இவ்வளவு தூரம் நடந்திருப்பனோ? உம்மோட நடக்கத்தானே எடுத்தது."

பஸ் வந்தது, கண்டக்டர் எங்களைப் பார்த்து, ஏறச் சொல்லிக் கதவில் தட்டினான். நான் கை காட்டவில்லை.